எஞ்சினுக்கு மூச்சு முட்டினால்

கார் எஞ்சினின் பின்பக்கத்தால் ஒயில் ஒழுகத் தொடங்கினால் "சீல் போய்விட்டது" என்பதுதான் எவரும் முதலில் சொல்லும் பதில். அந்தச் சீலின் விலை சொற்பம். அதை மாற்றுவதற்குக் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால் கூலிதான் ஆளைக் கொல்லும். புதுச் சீல் போட்டு இரண்டு மாதத்தில் அதே இடத்தால் திரும்பவும் ஒழுகினால், சீல் மட்டமானது என்றோ பொருத்தியவர் சரியில்லை என்றோ முடிவு கட்டிவிட்டு இன்னொரு கராஜைத் தேடிப் போகிறோம். பல வேளைகளில் சீலிலும் குறை இல்லை, பொருத்தியவரிலும் குறை இல்லை. எஞ்சினின் அடிவயிற்றில் சேருகிற காற்று வெளியேற வழி தெரியாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றுக்கு வழி விடும் ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வணிகம் படித்த கணக்காளன். ஒடாஹுஹுவில் இருக்கிறேன். இங்கே கார் தெரியாமல் இருப்பது கடினம். கிரேட் சவுத் றோட்டில் இறங்கி நடந்தால் கார் விற்பவர், ரயர் மாற்றுபவர், பாகம் கழற்றி விற்பவர் என்று வரிசையாக வரும். ஒரு காலத்தில் வொக்ஸ்வாகன் பீற்றில் கார்களைப் பொருத்திய தொழிற்சாலையே இந்த ஊரில் இருந்தது. நியூசிலாந்தில் கார் பொருத்தும் தொழில் 1998 உடன் முடிந்துபோனது. அதன் பின்னர் வீதியெல்லாம் யப்பானில் இருந்து வந்த பாவித்த கார்கள்தான். பழைய யப்பானிய எஞ்சின்கள் மலிவாகக் கிடைப்பதால் இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு எஞ்சின் கட்டுவது ஒரு பித்தாகிவிட்டது. தகப்பன்மார் அதைக் காசைக் கரியாக்கும் வேலை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. இரவு பதினொரு மணிக்குப் பெடியன் வீட்டுக் கராஜில் ஸ்பானரோடு நிற்கிறான் என்றால் அவன் எங்கே நிற்கிறான் என்றாவது தாய்க்குத் தெரியும்.

என் அக்காவின் மகன் அப்படி ஒருவன். 1980களின் ரொயோட்டா கொரோலா ஒன்றில், 4ஏ-ஜிஇ எனப்படும் 1.6 லீற்றர் எஞ்சினைப் போட்டு, அதற்கு ரேபோவும் பூட்டினான். ஓடிய சில வாரங்களில் பின்சீல் ஒழுகியது. மாற்றினார்கள். மீண்டும் ஒழுகியது. மீண்டும் மாற்றினார்கள். அடுத்ததாக வேகம் எடுக்கும்போது நீலப் புகை. "ரேபோ முடிஞ்சுது, புதுசு போட வேணும்" என்றது கராஜ். அதுவரை சீலுக்கும் கூலிக்கும் போன காசு ஈராயிரம் டொலரைத் தாண்டியிருந்தது. பில்களை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இந்த எஞ்சின் எதாலை மூச்சு விடுது?"

அந்தக் கேள்வி எனக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. அதற்குப் போக முன்னர் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் எரியும்போது உண்டாகும் அழுத்தம் பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்ரனைச் சுற்றி இருக்கும் றிங்குகள் அந்த வாயுவை மேலேயே மறித்து வைக்க வேண்டும். முழுவதையும் மறிக்கும் றிங் உலகில் இல்லை. றிங்கின் இரண்டு முனைகளுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து முட்டி உடைந்துவிடும். அந்த இடைவெளியாலும் ஓரங்களாலும் கொஞ்சம் வாயு ஒவ்வொரு முறையும் கீழே நழுவி, கிராங் சுழலும் அறைக்குள் போகிறது. புத்தம் புது எஞ்சினிலும் இது நடக்கும். கீழே போகும் வாயுவில் எரியாத பெற்றோல் ஆவி, கரியமில வாயு, நைதரசன் ஒட்சைட்டுகள், நீராவி எல்லாம் உண்டு. நீராவி என்றால் சாதாரண அளவில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. அதில் பெரும் பகுதி புகைக்குழாயால் போய்விடும். ஒரு சிறு பங்கு றிங்கைத் தாண்டி ஒயிலோடு சேரும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற காரில் எஞ்சின் சரியாகச் சூடேறாது. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக முடியாமல் ஒயிலோடு கலந்து, ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் தயிர் மாதிரி வெள்ளையாகப் படியும். பலரும் அதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெற் போய்விட்டது என்று பயப்படுவார்கள். ரேடியேற்றரில் தண்ணீர் குறையாமல் இருந்தால் முதலில் இந்தக் காற்றோட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆக, கீழறையில் இருந்து இந்த வாயுவை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஒயில் கெடும், அமிலம் சேரும், அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அந்தச் சீலால் வெளியே வரும்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வருவது நின்றுபோனது. வீதியோரத்தில் சிறு போத்தல்களில் தங்க விலைக்கு விற்கப்பட்டது. ஏ40 சோமர்செட், மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று எங்களிடம் இருந்த பழைய ஆங்கிலேயக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் கார்பறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வாசமும் புகையும் என் வயதுக்காரருக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கும். 2002 இல் பாதை திறக்கும் வரை வன்னியில் இதுதான் நிலை.

அந்த நாட்களில் நான் மாமாவின் கராஜில் கணக்கு எழுதினேன். மண்ணெண்ணெயில் ஓடும் கார்களுக்கு ஒயில் செலவு இரட்டிப்பாகியிருந்தது. ஒயில் கிடைப்பதே அரிது, அதிலும் இரட்டிப்பு. காரணத்தை மாமா அளவுகம்பியை இழுத்துக் காட்டினார். ஒயில் குறையவில்லை, கூடியிருந்தது. மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய். பெற்றோல் சுமார் 200 பாகை செல்சியசுக்குள் முழுவதும் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் சுமார் 150 இல் தொடங்கி 300 பாகை வரை இழுக்கும். சூடு போதாத சிலிண்டரில் அது ஆவியாகாமல் துளியாகவே நின்று, சுவரால் வழிந்து, றிங்கைக் கடந்து கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். தண்ணியான ஒயிலில் பெயரிங் தேயும், றிங் தேயும். றிங் தேய்ந்தால் இன்னும் கூடிய வாயு கீழே இறங்கும். எஞ்சினின் பக்கத்தில் இருந்து கீழே தொங்கும் ஒரு இரும்புக் குழாயால் புகை குப்குப்பென்று வரும். ஒரு காரை வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு மாமா முதலில் பார்ப்பது அந்தக் குழாயைத்தான். சைலன்சர் புகையை விட அந்தக் குழாயின் புகை உண்மை பேசும் என்பார்.

அந்தக் குழாய்தான் அந்தக் காலத்து மூச்சுக்குழாய். வாய் கீழ்நோக்கிச் சரிவாக வெட்டியிருக்கும். கார் ஓடும்போது கீழே பாயும் காற்று உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கும். வேறு நுட்பம் எதுவும் இல்லை. நின்றால் உறிஞ்சல் இல்லை. மெதுவாக ஓடினாலும் இல்லை. வீதியில் ஒயில் சொட்டும். முதலில் இராணுவத்துக்குத்தான் இது தலையிடியாகியது. இரண்டாம் உலகப் போரில் ஆற்றைக் கடக்கும் வாகனங்களுக்கு இந்தத் திறந்த குழாயால் தண்ணீர் ஏறியது. அதற்காகக் குழாயை மூடி, உள்ளே இருக்கும் வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிக்கும்படி வைத்தார்கள். பிறகு லொஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டம் பெரும் பிரச்சினையான காலத்தில், காரில் இருந்து எரியாமல் வெளியேறும் எரிபொருள் ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாயால் வருகிறது என்று கண்டார்கள். 1961 மாதிரி ஆண்டில் இருந்து கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களுக்கு அந்த மூடிய முறை வந்தது. இன்றைக்கு எங்கள் எல்லோருடைய பெற்றோல் காரிலும் இருப்பது அதன் பிள்ளைதான். அதில் பூட்டியிருக்கும் சின்ன வால்வைப் பிசிவி வால்வு என்பார்கள். பெருவிரல் அளவுதான் இருக்கும்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது த்ரொட்டில் மூடியிருப்பதால் இன்ரேக் மனிபோல்டில் பலத்த வெற்றிடம் இருக்கும். அந்த உறிஞ்சல் வால்வுக்குள் இருக்கும் சிறு முளையை இழுத்து வழியை ஒடுக்கும். ஐடிலில் கீழே இறங்கும் வாயு குறைவு என்பதால் அது போதும். வீதியில் ஓடும்போது வெற்றிடம் தளரும், முளை நடுவே வரும், வழி அகலும். முழு அக்சிலேற்றரில் மனிபோல்டில் வெற்றிடமே இராது, ஆனால் கீழே இறங்கும் வாயு அப்போதுதான் அதிகம். அந்த நேரத்தில் வாயு மற்றப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரியூப்பால் காற்று வடிகட்டிக்குப் பின்னால் உள்ள குழாய்க்குப் போய், அதுவழியே எஞ்சினுக்குள் திரும்பும். மற்ற நேரங்களில் அதே பெரிய ரியூப்பால் வடிகட்டிய புதுக்காற்று உள்ளே வரும். அதாவது ஒரு பக்கத்தால் நல்ல காற்று வந்து, அறை முழுக்கச் சுற்றி, மற்றப் பக்கத்தால் கெட்ட காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. வீட்டில் எதிரெதிரே இரண்டு யன்னல் வைப்பது போன்றது. ஒரே சுவரில் இரண்டு யன்னலையும் வைத்தால் அறைக்குள் காற்று சுற்றாது. சொந்தமாக எஞ்சின் கட்டுபவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இடம் இது. இரண்டு குழாயையும் ஒரே மூடியில் அருகருகே பூட்டிவிடுவார்கள்.

ரேபோ பூட்டினால் கதை மாறுகிறது. வெற்றிடம் இருந்த மனிபோல்டில் இப்போது அழுத்தக் காற்று. பிசிவி வால்வு அந்த நேரத்தில் இறுக்கி மூடாவிட்டால் ரேபோவின் காற்று நேரே கீழறைக்குள் போய் அதை ஊதும். அதோடு ரேபோ எஞ்சின் கட்டும்போது சூட்டுக்காக றிங் இடைவெளியைக் கூட்டி விடுவார்கள். அடித்து வார்த்த பிஸ்ரன்கள் போட்டால் சுவருக்கும் பிஸ்ரனுக்கும் இடைவெளியும் கூட. சிலிண்டர் அழுத்தமும் கூட. மூன்றும் சேர்ந்து, கீழே இறங்கும் வாயு தொழிற்சாலை கணக்குப் பார்த்துப் போட்ட குழாயின் கொள்ளளவைத் தாண்டிவிடும்.

என் மருமகனும் நண்பர்களும் செய்தது என்னவென்றால், ரேபோக் காற்று உள்ளே போகிறது என்று பிசிவி வழியை அடைத்துவிட்டு, ஒரு கேம் கவரில் இருந்து மட்டும் 8 மில்லிமீற்றர் ரியூப் ஒன்றை ஒரு தகரப் பேணிக்கு விட்டிருந்தார்கள். பேணி பார்க்க நன்றாக இருந்தது, நீல நிறம். அதற்குள் தடுப்பும் இல்லை, வலையும் இல்லை. முழு எஞ்சினின் மூச்சும் சுண்டுவிரல் தடிப்பான ரியூப்பால்.

அளந்து பார்ப்போம் என்றேன். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்ரிக் ரியூப் இரண்டு மீற்றர் வாங்கி, 'ப' வைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, பாதிக்குச் சாயத் தண்ணீர் விட்டோம். ஒரு முனையை ஒயில் அளவுகம்பி போகும் குழாயில் காற்றுப் போகாமல் செருகினோம். மற்ற முனை திறந்தபடி. இரண்டு பக்கத் தண்ணீரின் உயர வித்தியாசம் 100 மில்லிமீற்றர் என்றால் அழுத்தம் ஒரு கிலோபஸ்கல். காற்றோட்டம் ஒழுங்காக உள்ள எஞ்சின் ஐடிலில் தண்ணீரைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்க வேண்டும். இவனுடையது ஐடிலிலேயே 30 மில்லிமீற்றர் தள்ளியது. பலகையை உள்ளே கட்டிக்கொண்டு ஓடி, ரேபோ ஏறும் அளவுக்கு அமத்தியபோது தண்ணீர் முழுவதும் ரியூப்பை விட்டு வெளியே பாய்ந்து இருக்கையை நனைத்தது. சீல் ஒழுகியதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நீலப் புகையும் அதே கணக்குத்தான். ரேபோவின் பெயரிங்குக்கு ஒயில் பம்ப் அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வருவது தன் பாரத்தில் மட்டும், ஒரு தடித்த குழாயால் சம்புக்கு வடிகிறது. சம்பில் அழுத்தம் இருந்தால் அந்த ஒயில் இறங்காது. பெயரிங் அறையில் தேங்கி, வழி தேடி, ரேபோவின் சூடான பக்கத்துக்குள் புகுந்து எரியும். ரேபோவை மாற்றினாலும் அடுத்த நாள் அதே புகை வரும். "ரேபோ முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால், வடிகுழாயையும் கீழறை அழுத்தத்தையும் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

மாற்றி அமைத்தது இப்படி. இரண்டு கேம் கவரிலும் 19 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வாய்கள் ஒட்டினான். வாயின் நேர் கீழே உள்பக்கத்தில் ஒரு தடுப்புத் தகடு, இல்லாவிட்டால் கேம் விசிறும் ஒயில் நேரே ரியூப்பில் ஏறும். இரண்டு ரியூப்பும் சரிந்து தேங்காமல் மேல்நோக்கிப் போய், தடுப்பும் கறையில்லா இரும்பு வலையும் உள்ள இரண்டு லீற்றர் கொள்கலனில் சேர்கின்றன. வலையில் மோதி ஒயில் துளிகள் கீழே சேரும். மிஞ்சும் வாயு கொள்கலனில் இருந்து, காற்று வடிகட்டிக்கும் ரேபோவுக்கும் இடைப்பட்ட குழாய்க்குப் போகிறது. அங்கே ரேபோவின் உறிஞ்சலால் சிறு வெற்றிடம் எப்போதும் உண்டு. சாதாரண ஓட்டத்துக்காகப் பிசிவி வால்வைத் திரும்பப் போட்டு, அதை எஞ்சின் புளொக்கின் பக்கத்தில் இருந்து எடுத்து, மனிபோல்டுக்கு முன்னால் ஒருவழி வால்வு ஒன்றும் வைத்தான். ரேபோ ஊதும்போது அது மூடிக்கொள்ளும். பிசிவி வால்வும் ஒரு கணக்கான காற்றுக் கசிவுதான் என்பதால் கடைசியில் ஐடில் கலவையைக் கணினியில் திரும்பவும் சரிசெய்தான். பெரிய வீ8 எஞ்சினின் வால்வைக் கொண்டுவந்து சின்ன எஞ்சினுக்குப் போட்டால் ஐடில் குழம்புவது இதனால்தான்.

கொள்கலன் எதற்கு, ஒயிலையும் எரியவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒயில் ஆவி பெற்றோலோடு சேர்ந்தால் ஒக்டேன் குறைந்ததுபோல் ஆகிவிடும். ரேபோ எஞ்சினில் அது தட்டும் சத்தமாக வரும். அந்தத் தட்டல் பிஸ்ரனை உடைக்கும்.

ரியூப் விடயத்தில் மலிவு பார்க்க வேண்டாம். ஹீற்றர் தண்ணீர் ரியூப் தடிப்பாக இருக்கிறது என்று வாங்கிப் போட்டால் அது ஒயில் பட்டு ஊதி, மெதுவாகிக் கிழியும். அது தண்ணீருக்கான இறப்பர். சாதாரண சிலிக்கோன் ரியூப்பின் சுவரால் ஒயில் வியர்க்கும், மனிபோல்ட் பக்கத்தில் போட்டால் உறிஞ்சலில் சப்பையாகிவிடும். ஒயிலுக்கென்று எழுதியிருக்கும் நைற்றைல் இறப்பர்தான் வேண்டும்.

ரியூப்பே வேண்டாம், கவரில் ஒரு சின்ன வடிகட்டியைக் குத்திவிட்டால் காற்று வெளியே போகுமே என்பது இளைஞர் மத்தியில் பரவலான வழி. எனக்கு அது பிடிக்காது. தண்ணீரும் பெற்றோல் ஆவியும் இழுத்தெடுக்கப்படாமல் ஒயிலிலேயே நிற்கும். வெளியே வரும் ஆவி ஹீற்றர் வழியாக உள்ளே புகும், பின்னால் குழந்தை இருக்கை இருந்தால் அதற்கும்தான் அந்தக் காற்று. ஒயில் புகார் சிவந்த ரேபோவின் மேல் படிந்தால் தீப்பிடிக்கும். ஓட்டப் போட்டிக்காரர் திறந்த முறை வைக்கிறார்களே என்றால், அவர்களுக்கு வேறு விதி. சர்வதேச மோட்டார் விளையாட்டு விதிகளில் 2000 சீசீ வரை இரண்டு லீற்றர், அதற்கு மேல் மூன்று லீற்றர் சேகரிப்புக் கொள்கலன் கேட்கிறார்கள். ஓட்டம் முடிய எஞ்சினையே கழற்றிப் பார்ப்பவர்கள் அவர்கள். வீதியில் ஓடும் கார் வொரன்ற் சோதனையில் புகை காட்டினால் தப்பாது. எஞ்சின் மாற்றிய கார் என்றால் எல்விவி சான்றிதழ் தருபவரிடம் காற்றோட்டத்தையும் சேர்த்து முன்னரே கேட்டுவிடுவது செலவைக் குறைக்கும்.

எஞ்சின் கட்டாதவர்களுக்கும் சில. ஐடிலில் ஒயில் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டையின் மேல் ஒரு கடுதாசித் துண்டை வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கடுதாசி ஒட்டிக்கொண்டால் நல்லது. எகிறிப் பறந்தால் பிசிவி அடைத்திருக்கலாம், அல்லது றிங் தேய்ந்திருக்கலாம். பழைய மாதிரி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுக்க வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் புதிது போடுங்கள், பெரும்பாலான கார்களுக்கு அதன் விலை ஒரு குடும்பச் சாப்பாட்டை விடக் குறைவு. வால்வு நல்லது, கடுதாசி இன்னும் பறக்கிறது என்றால்தான் சிலிண்டர் கசிவுச் சோதனைக்குப் போக வேண்டும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் உறவுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மாரியில் இந்த ரியூப்பில் நிற்கும் நீராவி உறைந்து வழியை அடைத்துவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய கார் கடுங்குளிர்க் காலையில் திடீரென்று ஒயிலைத் துப்பினால் சீலைக் குறை சொல்ல முதல் அதைப் பாருங்கள்.

மருமகனின் காரில் புதுச் சீலும் போடவில்லை, ரேபோவும் மாற்றவில்லை. தண்ணீர்ப் பலகை ஐடிலில் இப்போது 20 மில்லிமீற்றர் உள்ளே இழுக்கிறது. கொள்கலனை மாதம் ஒருமுறை வடிக்கிறான். யூலைக் குளிரில் வருவது முக்கால்வாசி பால் நிறத் தண்ணீர். அதை எஞ்சினுக்குத் திரும்ப ஊற்றக் கூடாது, வீதி வடிகாலிலும் ஊற்றக் கூடாது. ஒடாஹுஹு இரண்டு கடல்களுக்கு நடுவே, மாவோரிகள் தோணியை இழுத்துக் கடந்த ஒடுங்கிய நிலம். எந்த வடிகாலில் ஊற்றினாலும் ஏதோ ஒரு கடலுக்குத்தான் போகும். பழைய பால் போத்தலில் சேர்த்து வைத்துக் கழிவு ஒயில் எடுக்கும் இடத்தில் கொடுக்கிறான்.